உங்கள் இளம் தளபதி சற்றே தயங்கட்டும்: எதிர்காலப் போர்க் கதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறிபுனை எழுத்தாளர்களுக்கும், படக்கதைகளுக்கும் கணினி விளையாட்டுகளுக்கும் கதை அமைப்போருக்கும் வணக்கம்.

மனிதருக்கும் எந்திரத்துக்கும் நடக்கும் போரை நீங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறீர்கள். அவற்றை விடாமல் படித்து வரும் வாசகன் என்ற ஒரே தகுதியில் இந்த மடலை எழுதுகிறேன். கதையின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். மேலதிகாரிகள் அனைவரும் முதல் தாக்குதலிலேயே மடிந்துபோக, இருபது வயதைச் சற்றே கடந்த ஒருவரிடம் தலைமை வந்து சேர்கிறது. எஞ்சியிருப்போர் பத்துப் பன்னிரண்டு பேர். எதிரே பசியும் உறக்கமும் அச்சமும் அறியாத எந்திரப் படை. இந்த அமைப்பின்மீது எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஒரு நல்ல கதைக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது. பெரும்பாலான கதைகளில் மூன்றாம் அத்தியாயத்துக்குள் அந்தத் தளபதியும் ஓர் எந்திரமாகிவிடுகிறார் என்பதே என் குறை. நொடியில் கணக்குப் போடுகிறார், நொடியில் ஆணையிடுகிறார், போட்ட கணக்கு ஒருமுறையும் தப்புவதில்லை. எதிரியைவிட வேகமாகவும் எதிரியைவிட இரக்கமில்லாமலும் முடிவெடுத்ததால் அவர் வென்றார் என்று நீங்கள் கதையை முடிக்கும்போது, வென்றது எந்தப் பக்கம் என்ற ஐயம் எனக்கு வந்துவிடுகிறது.

இளையவர் படை நடத்துவார் என்பதை நீங்கள் மெய்ப்பிக்க வேண்டிய தேவையே இல்லை. தன்னை ‘இளையன்’ என்று எள்ளிய பகைவேந்தர்களைத் தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் வென்ற செய்தி நமக்குப் பழகியதுதான். இன்றும் உலகின் பெரும்பாலான தரைப்படைகளில், முப்பது நாற்பது பேர் கொண்ட பிளட்டூனுக்குத் தலைமை ஏற்பவர் இருபதுகளில் இருக்கும் ஒரு லெப்டினென்ட்தான். ஆனால் அவருடைய தோளருகே, அவரைவிடப் பல ஆண்டுகள் மூத்த சார்ஜென்ட் ஒருவர் இருப்பார். ஆணை இளையவருடையது, அனுபவம் மூத்தவருடையது. ‘ஐயா, அந்தப் பள்ளத்தின் வழியாகப் போக வேண்டாம்’ என்று மற்றவர் காதில் விழாதபடி அவர் சொல்வதும், அதைக் கேட்டால் தன் தலைமை தாழ்ந்துவிடுமோ, கேட்காவிட்டால் ஆட்கள் மடிவார்களோ என்று இளையவர் திணறுவதும்தான் தலைமையின் முதல் பாடம். உங்கள் கதைகளிலோ இந்தச் சார்ஜென்ட் முதல் பக்கத்திலேயே செத்துப்போகிறார். அவரை இன்னும் சில அத்தியாயங்களுக்காவது உயிரோடு விட்டு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தளபதியின் பொழுது எதில் கழிகிறது என்பதையும் நீங்கள் காட்டுவதில்லை. எஞ்சியவர் பன்னிருவர் என்றால், முதல் சாமம் காவலுக்கு யார், அடுத்த சாமம் யார், தோட்டா எத்தனை, பேட்டரி எத்தனை, தண்ணீர் எவ்வளவு, யாருடைய காலில் புண் வைத்திருக்கிறது, அதை மறைப்பவர் யார் என்ற கணக்கிலேயே அவருடைய நாள் போய்விடும். நாள்கணக்கில் ஈரம் உலராத காலுறைக்குள் கிடந்த பாதம் வெளுத்து, தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, விரலிடுக்கில் உரிந்து வரும். கையால் மறைத்த டார்ச் ஒளியில், தன் வீரர் ஒருவரின் காலடியில் மண்டியிட்டு அதைப் பார்க்கிற தளபதியை நான் உங்கள் கதைகளில் இதுவரை சந்தித்ததில்லை. அவர் உறங்காமலே இருப்பதையும் நீங்கள் வீரமாகக் காட்டுகிறீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் அளவுக்குக் குறைகிறது என்றும், 24 மணி நேரம் கடந்தால் அது 0.10 விழுக்காட்டுக்கு இணையாகிறது என்றும் 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. மூன்று இரவு கண் மூடாத உங்கள் தளபதி தப்பாத கணக்குப் போடுகிறார் என்றால், அவர் மனிதராக இருக்க வழியில்லை.

எந்திரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் காணும், எதிலும் ஏமாறாத எதிரியாக அவற்றை எழுதுகிறீர்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா நடத்திய ஒரு சோதனையின் கதை இதற்கு நேர்மாறானது. ஆள் நெருங்குவதைக் கண்டறியும்படி ஓர் எந்திரத்துக்கு, மரைன் படைவீரர்களைச் சுற்றி நடக்க வைத்தே சில நாள் பயிற்சி தந்தார்கள். கடைசி நாளில் ஆட்டத்தைத் திருப்பிப் போட்டு, அதன் கண்ணில் படாமல் அதைத் தொட்டுவிடுங்கள் பார்க்கலாம் என்று அதே வீரர்களிடம் சொன்னார்கள். எட்டுப் பேரும் தொட்டுவிட்டார்கள். இருவர் 300 மீட்டர் தூரத்தையும் குட்டிக்கரணம் போட்டே கடந்தார்கள். இருவர் ஓர் அட்டைப்பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நகர்ந்து வந்தார்கள். ஒருவர் ஊசியிலை மரத்தின் கிளைகளை உடலில் கட்டிக்கொண்டு மரம்போலவே நடந்து வந்தார். நடக்கிற மனிதரை அறிய அந்த எந்திரம் கற்றிருந்தது. கரணம் போடுகிற மனிதரை அதற்கு யாரும் காட்டியிருக்கவில்லை. அடுத்த நாளே கரணத்தையும் அதற்குக் கற்பித்துவிடலாம் என்பது உண்மைதான். ஒருமுறை பலித்த தந்திரம் மறுமுறை பலிக்காது என்ற அந்தக் கெடுவே கதைக்கு எவ்வளவு விறுவிறுப்பைத் தரும்! கூடவே, சாவின் நிழலில் இருக்கும் பன்னிருவர் அட்டைப்பெட்டிக்குள் சிரிக்கவும் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் கதைகளில் யாருமே சிரிப்பதில்லை.

எந்திரத்துக்கும் பசி உண்டு. இன்றைய லித்தியம் பேட்டரி ஒரு கிலோவில் தாங்கும் ஆற்றல், ஒரு கிலோ பெட்ரோலில் உள்ளதில் நாற்பதில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கடுங்குளிரில் அதுவும் சுருங்கும். அதனால்தான் சிறிய ட்ரோன்கள் பலவும் அரைமணி நேரம் பறப்பதற்குள் திரும்பவோ விழவோ வேண்டியிருக்கிறது. உக்ரைன் போரில், ட்ரோனுக்குச் செல்லும் வானொலி அலையைக் கலைத்தே அதை வீழ்த்தினார்கள். உடனே மறுதரப்பு, மயிரிழை போன்ற கண்ணாடி நூலைச் சுருளாகச் சுமந்து, பறக்கப் பறக்க அதை அவிழ்த்துக்கொண்டே போகும் ட்ரோன்களை அனுப்பத் தொடங்கியது. ஆணை அந்த நூல் வழியாகவே போகிறது; அலையே இல்லாதபோது கலைப்பதற்கு என்ன இருக்கிறது? இன்று அந்தப் போர்முனையின் வயல்களிலும் மரங்களிலும் பழைய கண்ணாடி நூல்கள் வலைபோலப் படர்ந்து, வெயிலில் மின்னிக்கொண்டு கிடக்கின்றன. நீங்கள் கற்பனை செய்யும் நூற்றாண்டுக்கு இந்த ஒரு காட்சி போதாதா?

எந்திரம் தவறும்போது எப்படித் தவறுகிறது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். 1991 பிப்ரவரி 25 அன்று, சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்க வீரர்கள் தங்கியிருந்த இடத்தில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் மாண்டார்கள். அங்கே காவலிருந்த பேட்ரியட் ஏவுகணை அமைப்பு அதை இடைமறிக்கவே இல்லை. அந்த அமைப்பின் கடிகாரம் நொடியின் பத்தில் ஒரு பங்கைக் கொண்டு காலத்தை எண்ணியது. இரும எண் முறையில் அந்தப் பின்னத்தைத் துல்லியமாக எழுத முடியாது. ஒவ்வொரு எண்ணிக்கையிலும் சேர்ந்த நுண்பிழை, ஏறத்தாழ 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் நொடியின் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்தது. ஏவுகணையின் வேகத்துக்கு அது அரை கிலோமீட்டருக்கு மேல். எந்திரம் ஏவுகணை இல்லாத வானத்தைத் தேடிக்கொண்டிருந்தது. ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கியிருந்தால் பிழை சுழியத்துக்குத் திரும்பியிருக்கும். திருத்திய நிரல் மறுநாள் வந்து சேர்ந்தது. உறக்கம் வேண்டாத எந்திரம் என்று நீங்கள் எழுதும் போதெல்லாம் எனக்கு இந்த 100 மணி நேரம்தான் நினைவுக்கு வருகிறது.

இனி, என் விண்ணப்பத்தின் மையத்துக்கு வருகிறேன். வேகத்தில் எந்திரத்தை மனிதர் வெல்லவே முடியாது. வெல்ல வேண்டியதும் இல்லை. 1983 செப்டம்பர் 26, நள்ளிரவு கடந்த வேளை. மாஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 என்ற கண்காணிப்பு நிலையத்தில் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்ற லெப்டினென்ட் கர்னல் பணியில் இருந்தார். அவர் இளைஞரல்லர், 44 வயது. அமெரிக்காவிலிருந்து ஓர் அணு ஏவுகணை கிளம்பிவிட்டது என்று செயற்கைக்கோள் அமைப்பு அறிவித்தது. அடுத்தடுத்து மேலும் நான்கு என்றது. மூன்று வாரங்களுக்கு முன்புதான் சோவியத் போர் விமானம் கொரியப் பயணி விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்திருந்தார்கள். இரு வல்லரசுகளுக்கும் இடையே பகை உச்சத்தில் இருந்தது. எந்திரம் தன் அறிவிப்பில் சிறிதும் ஐயம் காட்டவில்லை. பெத்ரோவுக்கு ஐயம் வந்தது. உண்மையிலேயே போரைத் தொடங்குகிறவர் வெறும் ஐந்து ஏவுகணைகளோடு தொடங்குவாரா? தரை ரேடார்களில் ஏன் எதுவும் தெரியவில்லை? இது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். உயர்ந்த மேகங்களில் பட்டுத் தெறித்த வெயிலைச் செயற்கைக்கோள்கள் நெருப்பென்று கண்டன என்பது பின்னர் தெரிந்தது. அந்த இரவில் பணிக்குறிப்பேட்டைச் சரிவர எழுதவில்லை என்று அவர் கண்டிக்கப்பட்டார் என்பது இதன் அடுத்த பகுதி; படை அலுவலகங்களின் இயல்பு எந்த நூற்றாண்டிலும் மாறாது போலும்.

மனிதர் தயங்கினால் எல்லாம் நலமாகும், எந்திரம்தான் எப்போதும் தவறும் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். 1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரானின் பயணி விமானத்தைத் தாக்க வரும் போர் விமானம் என்று எண்ணிச் சுட்டு வீழ்த்தியதில் 290 பேர் மாண்டார்கள். விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்ததைக் கப்பலின் கணினி சரியாகவே பதிந்திருந்தது. அச்சத்தில் இருந்த மனிதர்கள் அது கீழிறங்கி வருவதாகப் படித்தார்கள். இங்கே தவறியவர் மனிதரே. ஆனால் அதன் பிறகு விசாரணை நடந்தது, கப்பல் தலைவரின் பெயர் உலகுக்குத் தெரிந்தது, வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை போனது, 1996-இல் இறந்தோரின் குடும்பங்களுக்கு 6.18 கோடி டாலர் இழப்பீடு தர உடன்பாடு ஏற்பட்டது. நீதி முழுமையாகக் கிடைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. என்றாலும், ‘ஏன் சுட்டீர்கள்?’ என்று கேட்க எதிரே ஒருவர் இருந்தார். இளம் தளபதியை எந்திரத்திடமிருந்து பிரிக்கும் கோடு இதுதான் என்று கருதுகிறேன். அவர் பதில் சொல்ல வேண்டியவர்.

2023-ஆம் ஆண்டு பாக்முத் போர்முனையில், அகழிக்குள் தனித்து நின்ற ரஷ்ய வீரர் ஒருவர், தன் தலைக்கு மேல் வந்த உக்ரைன் ட்ரோனை நோக்கிக் கையசைத்துச் சைகையால் மன்றாடினார். அதை இயக்கியவர்கள் குண்டு போடுவதை நிறுத்தி, ட்ரோனைப் பின்தொடர்ந்து வந்தால் சரணடையலாம் என்று ஒரு சீட்டைக் கீழே போட்டார்கள். அவரும் குண்டுகளுக்கு இடையே அதன் பின்னாலேயே நடந்து வந்து உயிர் பிழைத்தார். அந்தச் சைகையைப் பார்த்தது கேமராவின் கண். அதற்குப் பொருள் கண்டவர் திரையின் முன் அமர்ந்திருந்த மனிதர். திரையின் முன் யாரும் இல்லாத போரைத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள். அப்போரில் ஓர் எந்திரத்திடம் எப்படிச் சரணடைவது? இந்தக் கேள்வி ஒன்றே ஒரு நாவலுக்குப் போதும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. இலக்கைத் தானே தேர்ந்து தானே தாக்கும் ஆயுதங்களைப் பற்றி நாடுகள் இப்போதுதான் விதி எழுத முயல்கின்றன. கணிக்க முடியாதபடி இயங்கும் தன்னியக்க ஆயுதங்களையும், மனிதரைக் குறிவைப்பவற்றையும் தடைசெய்ய வேண்டும் என்று செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு 2021-இல் பரிந்துரைத்தது. 2024 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இது பற்றிய தீர்மானத்தை 166 நாடுகள் ஆதரித்தன. அங்கே நடக்கும் விவாதத்தின் சாரம், சுடும் முடிவில் மனிதருக்கு எவ்வளவு பங்கு இருக்க வேண்டும் என்பதே. வரைவுகளையும் பிரிவுகளையும் படிப்போர் சிலர். உங்கள் கதைகளைப் படிப்போரும் ஆடுவோரும் பல கோடிப் பேர். தயக்கம் பலவீனம், வேகம் ஒன்றே வீரம் என்று அவர்கள் பதினைந்து வயதிலேயே உங்களிடம் கற்றுக்கொண்டால், பின்னாளில் மனிதரை அந்த முடிவிலிருந்து விலக்குவதில் அவர்களுக்கு எந்தத் தடையும் தோன்றாது.

எஞ்சிய வீரர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1918 அக்டோபரில் பிரான்சின் ஆர்கோன் காட்டில், மேஜர் சார்ல்ஸ் விட்டில்சியின் தலைமையில் சென்ற 500-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் ஜெர்மானியரால் சூழப்பட்டார்கள். உணவு தீர்ந்தது. அக்டோபர் 4 அன்று சொந்தப் பீரங்கிகளே அவர்கள்மேல் குண்டு பொழிந்தபோது, தாம் இருக்கும் இடத்தை எழுதி, சுடுவதை நிறுத்தும்படி கெஞ்சி, ஒரு புறாவின் காலில் கட்டி அனுப்பினார் விட்டில்சி. கடைசியில் தம் காலால் நடந்து வெளியே வந்தவர்கள் 194 பேர். அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த வீர விருது கிடைத்தது. உங்கள் கதை அந்த இடத்தில் முடிந்திருக்கும். அவருடைய வாழ்க்கையோ மேலும் மூன்று ஆண்டுகள் நீண்டது. அடிப்படையில் அவர் ஒரு வழக்கறிஞர். ஓயாமல் மேடைக்கு அழைத்தார்கள். காயமுற்ற பழைய வீரர்களும் இறந்தோரின் உறவினரும் தேடி வந்தார்கள். சவ அடக்கங்களுக்குப் போய் வந்தார். 1921 நவம்பரில் ஹவானா செல்லும் கப்பலில் ஏறியவர் நடுக்கடலில் மறைந்தார். விட்டுச் சென்ற கடிதங்களைக் கொண்டு, அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்று கருதுகிறார்கள். மீண்டவருக்குப் போர் முடிவதில்லை என்பதை எழுதாமல், எஞ்சியோரின் கதை என்று அதை அழைப்பது பொருந்தாது.

உங்கள் கதைகள் எல்லாவற்றிலும் வரும் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி முடிக்கிறேன். மற்றவர் தப்பிச் செல்ல, ஒருவர் பின்தங்கி எந்திரங்களைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. யாரை நிறுத்துவது என்று தளபதி வாய் திறப்பதற்குள், காயமுற்ற வீரர் ஒருவர் ‘நான் இருக்கிறேன், நீங்கள் போங்கள்’ என்று முன்வந்துவிடுகிறார். தளபதி கண் கலங்கிப் புறப்படுகிறார். அந்த வீரரின் தியாகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வரியால் நீங்கள் உங்கள் தளபதியைக் காப்பாற்றிவிடுகிறீர்கள். அடுத்த முறை யாரும் முன்வராமல் இருக்கட்டும். பன்னிரண்டு முகங்களும் தரையைப் பார்த்தபடி இருக்க, அவர் ஒரு பெயரைச் சொல்லட்டும். காலில் புண் உள்ளவரையா, குறி தவறாதவரையா, தன்னிடம் வாக்குவாதம் செய்தவரையா, தனக்கு மிக வேண்டியவரையா என்று எண்ணி எண்ணித் தயங்கிய பிறகு சொல்லட்டும். தான் தேர்ந்தது சரியா என்று அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போகட்டும். அந்தக் காட்சிக்கு ஒரு பக்கம் போதாது. சண்டைக் காட்சிகளில் வேண்டுமளவு வெட்டிக்கொண்டு, இதற்குப் பத்துப் பக்கங்களாவது ஒதுக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்